மத்தியான எண்

ஏப். 20, திங்கள்
காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. லேப் மாடியில் வெயிலில் வைத்த என் சோலார் செல்கள், செல் 1, செல் 2, இரண்டும் கறுப்பாகவே. வெயிலை மின்சாரமாக்கும் பெரோவ்ஸ்கைட் படலம் கறுப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சளானால் கதை முடிந்தது. ஆய்விதழுக்கு அனுப்பிய என் கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளருக்கு ஒரே கேள்வி: வெளி வெயிலில் இது தாங்குமா? பதில் வெள்ளிக்குள் போகணும். கட்டுரை வராமல் முனைவர் பட்டம் இல்லை.

கண்டனூரிலிருந்து அம்மா போன். "ஞாயித்துக்கிழமை காலையில நாட்டரசன்கோட்டையிலருந்து பொண்ணு பாக்க வாராக. மஞ்சப் புடவை எடுத்து வச்சிருக்கேன்." மஞ்சள் மட்டும் வேண்டாம் என்றேன்.

வாங்க: கையுறை, ஷாம்பு, ஒட்டுப் பசை.

ஏப். 21, செவ்வாய்
மத்தியானம் அளந்தேன். இரண்டு செல்லும் விழுந்துவிட்டன. காலையில் கொடுத்த மின்சாரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நிறம் மட்டும் அதே கறுப்பு. ஒயரை மாற்றினேன், மீட்டரை மாற்றினேன். அதே எண். சோறு இறங்கவில்லை. வழிகாட்டி சாரிடம் சொல்லவில்லை.

ஏப். 22, புதன்
காலையில் அளந்தால் இரண்டும் பழையபடி! பக்கத்து மேசை செல்வி: "தூங்கி எந்திரிச்சிருக்கு போல."

கிட்டத்தட்ட அதுதான். வெயிலில் படலத்துக்குள் இருக்கும் அயனிகள் நகர்ந்து ஒரு பக்கமாய்ப் போய் அடைத்துக்கொண்டு மின்சாரத்தை மறிக்கின்றன. ராத்திரி இருட்டில் திரும்பி வருகின்றன. மத்தியானம் மறுபடி விழுந்தது.

வழிகாட்டி சாரிடம் சொன்னேன். "காலையில அளந்ததை மட்டும் போடும்மா. பொய்யில்லையே?"

பொய்யில்லைதான். அதனால்தான் இவ்வளவு எரிச்சல். எப்போது அளந்தாய் என்று எவரும் கேட்கப்போவதில்லை.

செல்வி மட்டும் சொன்னாள்: "காலையில குளிச்சுப் பொட்டு வச்சா எல்லாரும் லட்சணமாத்தான் இருப்பாக."

ஏப். 23, வியாழன்
புழுக்கம். சாயங்காலம் திடீர் மழை. மாடிக்கு ஓடுவதற்குள் செல் 2-இன் ஓரத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. பசை சரியாக ஒட்டாத இடம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அந்த ஓரம் மஞ்சள். இது எந்த இருட்டிலும் திரும்பாது. மிச்சம் ஒன்று. அழுதேன்.

அம்மா புடவையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். மஞ்சளேதான். "ஒரு தடவை சொன்னா காதுல ஏறாதா?" என்று போனில் கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

ஏப். 24, வெள்ளி
மேகம் இல்லை. உச்சி வெயிலில் சாரை மாடிக்குக் கூப்பிட்டேன். "செருப்போட வாங்க சார், தரை சுடும்." அவர் கண்ணெதிரே செல் 1-இன் எண் இறங்கியது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"ரெண்டு எண்ணையும் போட்டா திருப்பி அனுப்பிருவாக."

"அனுப்பட்டும் சார். வாங்குறவக வீட்டுல மத்தியானமும் ஃபேன் ஓடணும்ல?"

"என்னமோ செய். அடி விழுந்தா உன் தலையிலதான்."

காலை எண், மத்தியான எண், மழையில் போன செல். எல்லாம் போட்டு அனுப்பிவிட்டேன்.

அம்மா போன். "ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வரச் சொல்லிரவா?"

"நாளைக்கு மத்தியானம் வரச் சொல்லும்மா. லேப்புலருந்து வேர்வையோட அப்படியே வாரேன். பாத்துட்டுப் போகட்டும்."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிடுகிறாள்.