எலும்புத் தூள் கொட்டிய பள்ளம்

ஐப்பசி, புதன்கிழமை.

இன்று இருந்தவர்கள்: மகன் கோவிந்தன், மருமகள் சரசு, பசுவை வாங்கிப்போக வந்த குறிஞ்சிப்பாடிக்காரர், நான்.

கோவிந்தனின் குவார்ட்டர்ஸ் பின்னால் மாட்டுக்கென்று நான் போட்ட புல் சாண் உயரம்கூட வளரவில்லை. மண்ணில் மணிச்சத்து இல்லை, எலும்புத் தூள் போட்டால்தான் வேர் பிடிக்கும் என்று கிராம சேவகர் போன வருஷமே சொன்னார். ஒரு மூட்டை வாங்கி வந்தேன். "வெள்ளிக்கெழம அதுவுமா எலும்ப வூட்டுக்குக் கொண்டாந்துகினு நிக்கிறியேம்மா!" என்று கத்திய கோவிந்தன், அதை வேலிக்கு வெளியே பள்ளத்தில் கொட்டினான். தீனி இல்லாமல் பசுவுக்குப் பால் வற்றிப்போனது.

இன்று அவிழ்த்ததும் அது நேரே அந்தப் பள்ளத்துக்கு ஓடியது. அங்கே மட்டும் முழங்கால் உயரப் புல்.

"இந்தப் புல்லு தோட்டம் பூரா இருந்தா மாட்ட ஏன் ஆயா விக்கப்போற?" என்றார் வந்தவர்.

பேச்சுத் துணைக்கு எனக்கு அந்தப் பசு ஒன்றுதான் இருந்தது. இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன், நான் பெற்ற கோவிந்தனை.