வியாழக்கிழமை வரும் சீஸ்

14.8.95 திங்கள்

காலையில் மழை, பிறகு புழுக்கம். எலிவேற்றருக்குள் வினிகர் மணம். யாரோ உருளைக்கிழங்குப் பொரியல் பெட்டியோடு ஏறி இறங்கியிருக்க வேண்டும். இந்த ஊரில் பொரியலுக்கு மேல் வினிகர் ஊற்றுகிறார்கள். மொன்றியலில் என்றால் வெள்ளைச் சீஸ் கட்டிகள், அதன் மேல் சுடச்சுட இறைச்சிக் குழம்பு. பூட்டீன். எங்கள் மாடி வரும்வரை அதே நினைப்பு.

கலியாணம் முடிக்கும்வரை அக்காவும் மொன்றியலில்தான். அவளிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் எழும்பி உட்கார்ந்துவிட்டாள்.

"எடி, மெட்ரோ வாசலுக்குப் பக்கத்துக் கடை! ஒரு பெட்டி, ரெண்டு முள்ளுக்கரண்டி."

"சீஸ் முழுக்க நீங்கள்தான் சாப்பிடுவியள்."

"உனக்கு அடியிலை ஊறின கிழங்குதானே விருப்பம்."

எனக்கு ஊறின கிழங்கு விருப்பமே இல்லை. ஒருநாளும் சொன்னதில்லை.

வயிற்றில் பிள்ளை, ஐந்து மாதமாகியும் அவளுக்குச் சத்தி நிற்கவில்லை, தின்றதெல்லாம் வாந்தி. போன வருடம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே இல்லாமல் போனது. ஆகவே எல்லாருக்கும் பயம். அத்தானின் அம்மா, எங்கள் மாமி, பிள்ளை பிறக்கும்வரை வீட்டுக்குள் மீன் இறைச்சி கொண்டுவருவதில்லை என்று முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். அக்காவுக்கோ மரக்கறியும் இறங்காது. இன்று: பாண் அரைத் துண்டு, தயிர்ச்சோறு இரண்டு வாய். இரண்டும் வெளியே.

இவளைப் பார்க்கத்தான் வைகாசியில் அம்மா என்னை மொன்றியலில் பஸ் ஏற்றிவிட்டார். வருடக் கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. "அக்கா எழும்பி நடமாடினவுடனை வந்திடலாம்" என்றார். பள்ளிக்கூடப் பை அங்கே கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. தம்பி எடுத்திருப்பானோ?

சவர்க்காரத் தூள் முடிந்துவிட்டது. வாங்க வேண்டும்.

15 செவ்வாய்

வெயில். அம்மாவின் போன்.

பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டார்களாம். பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு, மாதக் கடைசியில் தொடங்குகிறது. இடம் கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீ என்ன சொல்லுறாய்?"

"பாப்பம்."

"பாப்பம் எண்டால்? அக்காவோடை கதை. அவள் விட்டால் வா. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

போன் இருப்பது ஹோலில். பக்கத்தில் மாமி உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். அங்கே நின்று என்ன சொல்வது. இங்கே எழுதலாம்: போக விருப்பம். போக விருப்பம்.

இந்த ஊரில் எனக்கு வாய் திறக்காது. ஆங்கிலம் பாதி வழியில் நின்றுவிடும். மொன்றியலிலும் நான் கதைக்கிற பிள்ளை இல்லைதான். ஆனால் ஆசிரியை கேட்டால் பிரெஞ்சில் பதில் இருக்கும்.

பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அறைக்குப் போனேன், கேட்டுவிடலாம் என்று. அக்கா சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்ரிக் பேசினை அவள் வாய்க்குக் கீழே பிடித்தேன். கேட்கவில்லை.

படுத்துக்கொண்டு யோசித்தது: வாய்க்கு ருசியாக ஏதாவது சாப்பிடும்போது அக்கா எதற்கும் ஓம் என்பாள். அவளுடைய நீல ஜக்கெற்றை நான் வாங்கிக்கொண்டதும் அப்படித்தான். பூட்டீன் வாங்கிவந்து கொடுப்பது. சாப்பிடும்போது கேட்பது.

16 புதன்

நெருப்பு வெயில். சந்திக் கடையில் கேட்டேன். கேட்டேன் என்ன, சுவரில் இருந்த படத்தை விரலால் காட்டினேன். வந்தது: மஞ்சளாகத் துருவிய சீஸ், உருகிப் பிளாஸ்ரிக் மாதிரி. குழம்பு கஞ்சிப்பசை. இரண்டு கிழங்குக்கு மேல் முடியவில்லை. குப்பைத் தொட்டி. இதையா அக்காவிடம் கொண்டுபோவது.

அத்தான் ஒரு ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவுகிறார். இரவில் வேறு வேலை. நடுவில் வீட்டில் நிற்பது கொஞ்ச நேரம்.

"என்ன பிள்ளை, முகம் உப்பிடிக் கறுத்துக்கிடக்கு?"

"வெயிலுக்கை அலைஞ்சவள். ஏனெண்டு கேட்டால் வாயிலை கொழுக்கட்டை" என்று மாமி.

மாமி குளிக்கப் போனதும் அத்தானிடம் மெல்லச் சொன்னேன். அவரும் மெல்லச் சொன்னார். அவருடைய ரெஸ்ரோரன்ரில் சமையல்காரன் கியூபெக் ஆள், எங்கள் மொன்றியல் பக்கம். குயீன் வீதியில், ஸ்ட்ரீட்கார் திரும்புகிற இடத்துக்குக் கிட்ட, அவனுடைய ஊர்ப் பெண் ஒருத்தி ஜன்னல் கடை வைத்திருக்கிறாளாம். சீஸ் இரவு பஸ்ஸில் வருமாம், வியாழக்கிழமை காலையில் மட்டும். வெள்ளிக்கிழமை அது வெறும் சீஸ், பல்லில் கீச்சென்று சத்தம் வராது.

"என்ரை அம்மாவுக்குத் தெரியாமல் செய். எனக்கும் தெரியாது, என்ன?"

காலுறையைப் போட்டுக்கொண்டே போய்விட்டார்.

17 வியாழன்

மேகம். காற்று கொஞ்சம்.

கடை, கடை இல்லை, ஒரு ஜன்னல். வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பிரெஞ்சு தானாக வந்தது. அந்தப் பெண் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எந்த ஊர், சின்னப் பெண்ணே?"

"மொன்றியல்."

இங்கே தமிழ் ஆட்கள் ஊர் கேட்டால் அம்மா சொல்லித்தந்த பெயரைச் சொல்வேன். ஆறு வயதில் விட்டு வந்த இடம். "அதிலை எவடம்?" என்று அடுத்ததாகக் கேட்டால் முழிப்பேன். இன்று முழிக்கவில்லை.

"அப்படியென்றால் உன்னிடம் வினிகர் வேண்டுமா என்று கேட்கத் தேவையில்லை" என்றாள். பின்னால் நின்றவர்களைக் கண்ணால் காட்டி, "இவர்களை என்ன செய்வது!"

ஒரு சீஸ் கட்டியை என் உள்ளங்கையில் வைத்தாள். கடித்தேன். பல்லில் கீச்சென்றது. அதே சத்தம். அவள் முன்னாலேயே கண் கலங்கிவிட்டது, வெட்கம். என்ன வகுப்புப் படிக்கிறாய் என்றாள். கடைசிக்கு முந்தின வகுப்பு என்றேன், இன்னமும் போய்க்கொண்டிருப்பதுபோல. குழம்பை வேறு கோப்பையில் தந்தாள். சாப்பிடுகிற நேரம்தான் ஊற்ற வேண்டும், மறந்துவிடாதே என்றாள்.

ஸ்ட்ரீட்காரில் பெட்டி மடியில். வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி வந்தேன்: அக்கா, நான் மொன்றியலுக்குப் போகட்டே?

உடுப்புத் தோய்க்கப் போகிறோம் என்று மாமியிடம் சொல்லி அக்காவைக் கீழே கூட்டிவந்தேன். நிலத்தடியில் லோண்ட்ரி ரூம். ஒருவரும் இல்லை. குழம்பு ஆறிப்போயிருந்தது. ஓடுகிற ட்ரையருக்கு மேல் வைத்துச் சூடாக்கினோம். கிழங்கு தளர்ந்துதான் கிடந்தது.

"அக்கா, மாமியின்ரை நேர்த்தி?"

"மனிசி வீட்டுக்குத்தானே வச்சவ. லோண்ட்ரி ரூமுக்கு வைக்கேல்லையே."

முதல் வாய். கீச். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நிற்கவில்லை. குழம்பு முழங்கை வரை வழிய வழியச் சாப்பிட்டாள். மெட்ரோ கடைக்காரன் தும்முவதுபோலத் தும்மிக் காட்டினாள். நான் சிரித்துச் சிரித்து மெஷினில் சாய்ந்துவிட்டேன். மாதக்கணக்கில் அவள் இப்படி இருந்ததை நான் காணவில்லை.

"அக்கா" என்றேன்.

அதே நேரம் அவள் என் கையைப் பிடித்தாள். "நீ வந்திருக்காட்டி நான் என்ன செய்திருப்பனோ தெரியாதடி."

நான் பெட்டியில் மிச்சக் கிழங்கை ஓரமாகத் தள்ளினேன்.

"என்ன, சொல்லு."

"ஒண்டுமில்லை. வாயைத் துடையுங்கோ."

பெட்டியைத் திறக்கும் முன் கேட்டிருக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டுச் சிரித்த ஆளிடம் போகட்டே என்று எப்படிக் கேட்பது.

சத்தி எடுக்கவில்லை. இரவும் இல்லை.

18 வெள்ளி

தூறல். பத்து மணிபோல அம்மா.

"கதைச்சனியே?"

"ஓம்."

"என்ன சொன்னவள்?"

"நான் நிக்கிறன், அம்மா."

அந்தப் பக்கத்தில் தம்பி ரீவியைக் கூட்டி வைத்திருப்பது மட்டும் கேட்டது.

"உண்மையாவோ?"

"ஓம்."

"சரி அப்ப. அவைக்குச் சொல்லிவிடுறன்."

இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. போனை வைத்த பிறகும் ரிசீவரில் கை. திருப்பி எடுத்திருக்கலாம். மத்தியானம் வரை நேரம் இருந்தது. ஹோலைக் கூட்டினேன், குளியலறையைக் கழுவினேன், போனைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

குசினியில் மாமி:

"நேற்று அவள் வடிவாச் சாப்பிட்டவளோ?"

"என்னத்தை மாமி?"

"எனக்கு மூக்கில்லையே, பிள்ளை? உன்ரை சட்டையெல்லாம் இறைச்சிக் குழம்பு."

நிலத்தைப் பார்த்தேன்.

"வயித்திலை நிண்டதோ?"

"ஓம்."

"அப்ப சரி. முருகனோடை நான் கதைச்சுக்கொள்ளுறன். என்னட்டைச் சொல்லியிருந்தால் துணைக்கு வந்திருப்பனே, விசரி. வெயிலுக்கை தனியத் திரிஞ்சிருக்கிறாய்."

கோபமே இல்லை.

19 சனி

வெயில், ஆனால் காற்று நல்லது. அக்கா தானே தலை இழுத்துக் கட்டினாள். இடியப்பம் மூன்று, சொதி. நின்றது.

பிறகு அம்மாவுக்கு அவளே போன் எடுத்தாள். நான் குசினியில்.

"என்ன? அவளோ அப்பிடிச் சொன்னவள்?... எப்ப?... நீங்கள் ஏன் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

தண்ணீரை நிற்பாட்டினேன். போனை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"அந்த வகுப்பைப் பற்றி அம்மா எனக்கு ஞாயிற்றுக்கிழமையே சொன்னவ. நீ வந்து கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். போ எண்டு சொல்லத்தான் இருந்தன்."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்தேன்.

"நானாச் சொன்னால், வேலை முடிஞ்சுது, அக்கா துரத்துறா எண்டு நினைப்பாய். அதுதான் பேசாமல் இருந்தன். நேற்று முந்தினம் கீழை ஏதோ சொல்ல வாயெடுத்தனி. உதுதானே?"

தலையை ஆட்டினேன்.

"உன்ரை இடத்தை நேற்றே வேறை பிள்ளைக்குக் குடுத்திட்டினமாம். இனி அடுத்த வருசம்தானாம்."

அடுத்த வருடம். கீழே யாரோ காரைப் பின்னுக்கு எடுக்கும் சத்தம்.

"ஏன்ரி சொல்லேல்லை? நான் என்ன கடிச்சுத் தின்னுறனானே?"

எழும்பப் பார்த்தாள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நிலத்தில் உட்கார்ந்து, அவளுடைய காலை எடுத்து என் மடியில் வைத்து, மெல்ல அமுக்கிவிட்டேன்.