சாக்கில் விழுந்த தூசி

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. காயல் பக்கமிருந்து காற்றே இல்லை. பம்பு ஹவுஸில் வாஷர் மாற்ற வேண்டும். மறக்கக்கூடாதவை: மண்ணெண்ணெய், மகள் லதாவுக்கு காம்பஸ், பெண்டாட்டி தங்கத்துக்கு இருமல் மருந்து.

எந்த மருந்துக்கும் இருமல் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் தங்கம் மிளகுப் பண்டகசாலையில் முறத்தால் புடைக்கிறாள். அறை நிறையப் பெண்கள், ஒரே ஜன்னல். பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னது: இனி தூசியில் உட்காரவே கூடாது. வெளியே வந்து சிரித்தாள். "தூசிய விட்டா மூச்சு வரும். அரிசி எங்கேந்து வரும், உங்க பம்புலேந்தா?" சிரித்து முடிக்கவில்லை, இருமல். முந்தானையால் வாயைத் துடைத்துச் சட்டென்று மடித்துக்கொண்டாள். சிவப்பு. நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள். நானும் பார்க்காதவன் மாதிரியே நடந்தேன்.

பிப். 10, சனி

தூசியை விட்டு அவள் வரமாட்டாள். அவளை விட்டுத் தூசி போகட்டும்.

கிடைத்தவை: பழைய சைக்கிளின் பின்சக்கரம், பெடல், செயின். எண்ணெய்த் தகரத்தை வெட்டி இறக்கைகள். இடது கட்டைவிரலில் வெட்டு. பெடலைக் கையால் சுற்றினால் இறக்கை சுழன்று, அறைக்காற்றை ஜன்னல் வழியே வெளியே தள்ளும். தள்ள வேண்டும்.

கூட வேலை செய்யும் சங்கரன்: "எந்தா சேட்டா, ஏரோப்ளேனா? இனி வைப்பின் தீவுக்குப் போக போட் வேண்டாமே!"

"உனக்கு இறக்கை மேலதாண்டா சீட்டு."

லதாவுக்குப் பாடம், உலகத்துக்குப் புதிது புதிதாகச் செய்து கொடுத்தவர்கள் பற்றி. மலையாளத்தில் உரக்கப் படித்தாள். படத்தில் எல்லோருக்கும் தாடி. ஒருவருக்கு அறிவுத் தாகமாம், ஒருவருக்கு தெய்வ அருளாம். யார் வீட்டில் யார் இருமினார்கள் என்று மட்டும் போடவில்லை. எனக்குத் தாடியும் ஒழுங்காக வளராது, எட்டாம் வகுப்பும் தாண்டவில்லை.

பிப். 13, செவ்வாய்

அரை நாள் லீவு. பண்டகசாலை மேஸ்திரியின் கையைக் காலைப் பிடித்து ஜன்னலில் பொருத்தினேன். முதலில் செயின் கழன்றது. இரண்டாவது தடவை திருப்பிச் சுற்றித் தொலைத்தேன். ஜன்னல் கட்டையில் படிந்திருந்த பழைய தூசி மொத்தமும் மேஸ்திரியின் வெள்ளைச் சட்டையில். பெண்கள் முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பு.

மூன்றாவது தடவை தூசி போயிற்று! புகைக்கயிறு மாதிரி ஜன்னலுக்கு வெளியே, வாய்க்கால் பக்கம். தங்கம் ஒரு கூடை புடைத்து முடித்தாள், ஒரு தும்மல்கூட இல்லை.

"கொள்ளாமே, நல்லாருக்கே! யார் சொல்லித்தந்த ஐடியா?" என்றார் மேஸ்திரி.

பெண்டாட்டி ரத்தம் துப்புகிறாள் என்று எப்படிச் சொல்வது? வேலையை விட்டு நிறுத்திவிடுவார். ஏதோ பத்திரிகையில் படம் பார்த்தேன் என்றேன்.

பிப். 15, வியாழன்

சாயா குடித்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் ஐசும்மா. பண்டகசாலையில் தங்கத்துக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து புடைப்பவள், தனிக்கட்டை.

"சேட்டா, தரை பள்ளிவாசல் தரை மாதிரி கெடக்கு."

"சந்தோஷம் ஐசும்மா."

"என்ன சந்தோஷம்? நேத்து என் முறை. நான் எதைக் கூட்டி மடியில கட்டறது?"

அப்போதுதான் உறைத்தது. நாள்முடிவில் தரையில் கிடக்கும் தூசியும் பொக்கு மிளகும் கூட்டுகிறவளுக்கு. ஆளுக்கொரு நாள் முறை. வீட்டில் கொழித்து, பொடித்து, சாயாக்கடைகளுக்குக் கொடுப்பார்கள். பொக்கு எடையில்லாதது, என் இறக்கை அதையும் வாய்க்காலுக்கு அனுப்பிவிட்டது. இத்தனை வருடம் அந்த மிளகில்தான் எனக்கு ரசம். குடித்த வாய்க்குத் தெரிந்தது, செய்த கைக்குத் தெரியவில்லை. பெரிய விஞ்ஞானி!

தங்கத்தைப் பார்த்தேன். அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. "நீங்க அவ்வளவு ஆசையா செஞ்சீங்க," என்றாள்.

பிப். 17, சனி

சரிசெய்தாயிற்று. ஜன்னலுக்கு வெளியே சாக்கு. தூசி, பொக்கு எல்லாம் அதில். முறைக்காரி சாக்கை அவிழ்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஐசும்மா என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம். தங்கம் இரண்டு நாளாக ராத்திரி இருமவில்லை. வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள், எவ்வளவோ காலத்துக்குப் பிறகு.

பிப். 19, திங்கள்

மேஸ்திரி சாக்கைத் தூக்கிப் பார்த்தாராம். "இத்ரயோ, இவ்வளவா?" என்றாராம். தராசில் வைத்தார். முதலாளிக்கு ஆள் போயிற்று. இனி சாக்கு ஆபீசுக்கு, பெண்கள் தொடக்கூடாது.

தரையில் கிடந்தவரை குப்பை. சாக்கில் விழுந்ததும் சரக்கு. சாக்கைக் கட்டியவன் நான்.

முதலாளி என்னைப் பார்க்க வேண்டும் என்றாராம். பாராட்டவாம். மற்ற பண்டகசாலைக்கும் செய்து தர வேண்டுமாம். போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னேன். பொய்யும் இல்லை.

பிப். 20, செவ்வாய்

தெருக்குழாயில் ஐசும்மா குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இன்று தங்கத்தின் முறை. மடியில் கனமாக எதையோ கட்டிக்கொண்டு வந்தாள். மிளகுதான், எடுத்துக்கொள்ள விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அவிழ்த்தாள். சைக்கிள் செயின்.

"யாரு கழட்டினதுன்னு கேட்டா?"

"அது முதல் நாளே கழண்டதுதானேன்னு சொல்லுங்க."

"உனக்கு மூச்சு, தங்கம்..."

"எனக்கு மட்டும் மூச்சு இருந்து?" அவ்வளவுதான். அரிசி களையப் போய்விட்டாள்.

பிப். 23, வெள்ளி

செயின் இல்லாமல் இறக்கை சுற்றவில்லை, சாக்கை அவிழ்த்துவிட்டார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். தரை நிறையத் தூசியாம். ஐசும்மா ஒரு பொட்டலம் பொக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். ரசம். நல்ல காரம். லதா இரண்டாம் முறை கேட்டாள்.

தங்கம் விடிந்ததிலிருந்து இருமல். தலையணை உறையை நான் எழும் முன்னே துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள்.

பழைய வேட்டி ஒன்று. மெல்லிசு. தங்கத்தின் மூக்கையும் வாயையும் மூட நாலு மடிப்பு, இரண்டு பக்கம் நாடா, காதுக்குப் பின்னால் முடிச்சு. மூக்குத்தி இடிக்கும். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சுருக்கு வைத்துத் தைக்க வேண்டும்.