அகிற்புகையை அவித்த மருத்துவி கொற்றியார்க்கு

நெடுங்கழி நாடு காக்கும் கோ, கடல்முகக் கோட்டை உடையான், விறல்வேளரையன், சுண்ணாம்புக் காளவாய்த் தெருவில் வாழும் மருத்துவி, காடன் மகள் கொற்றியார்க்கு நல்வாக்கு உரைத்து விடுக்கும் ஓலை. உமது தெருவில் மழை பொய்யாதிருக்க. உமது மனையில் மருந்து குறையாதிருக்க.

நம் ஒரே மகள் வேள்நங்கைக்கு இரைப்பு முற்றியபோது, அரண்மனை வழக்கப்படி அவள் அறையை அடைத்து, ஒன்பது தூபக்கால்களில் அகிலும் சாம்பிராணியும் ஓயாது புகைக்கச் சொன்னது நாமே. நெஞ்சு கீச்சிட, தலையணையில் சாயவும் மாட்டாமல் ஐந்து நாள் அவள் உட்கார்ந்தே இருந்தாள். நாமோ மேலும் இரண்டு தூபக்கால் கூட்டினோம். வேலியே பயிரை மேய்ந்தது.

அப்போது வந்த நீர், நாடி பார்க்கும் முன்னரே ஈரமான வெள்ளைத் துணியொன்றை அவள் தலைமாட்டில் கட்டினீர். இரண்டு நாழிகையில் அது கறுத்தது. கண்ணுக்கு எட்டாத இத்தூளே மூச்சுக்குழலின் உட்புறத்தைப் புண்ணாக்கி வீங்கச் செய்து வழியை அடைக்கிறது என்றும், பிறர் பொறுக்கும் புகையை இரைப்புடையார் பொறார் என்றும், சுண்ணாம்பு சுடும் காளவாய்ப் புகை வீசும் நாளெல்லாம் உமது தெருவில் இதையே கண்டீர் என்றும் உரைத்து, நம் அனுமதிக்கும் காத்திராமல் பதினொரு தூபக்கால்களிலும் குடத்து நீரைக் கவிழ்த்தீர், சாளரங்களையும் திறந்துவிட்டீர். நாம் சினந்து உம்மைச் சிறையிலிட்டோம். அடுத்த நாள் உச்சிப்பொழுதுக்குள் குழந்தை படுத்து உறங்கினாள்.

வெட்கத்தோடு எழுதுகிறோம்: நம் படையில் எத்தனை வீரர் இருந்தும் என்ன, அன்று குடம் தூக்கிய உமது கைக்கு ஈடில்லை. சிறை திறந்து, பரிசு யாது வேண்டும் என்று வினவியபோதும், காளவாய்களை அகற்றுக என்ற ஒன்றையே கேட்டீர். சுண்ணாம்பு வராமல் நம் புது மாடத்துச் சுதைவேலை தாமதமாகும் என்று அமைச்சர் முனகினார். ஆகட்டும், மாடம் காத்திருக்கும், மூச்சு காத்திராது.

ஆகவே, வரும் அமாவாசைக்குள் காளவாய்கள் யாவும், புகைக்காற்று குடியிருப்பைத் தீண்டாத கழிமுகத் திட்டுக்குப் பெயர்க்கப்படுக. இரைப்புடையார் இருக்கும் அறையில் தூபம் இடுவோர், நம் அரண்மனையாரே ஆயினும், தண்டிக்கப்படுவர். இது நம் ஆணை.

முத்திரை இடுமுன் ஓலையை அவையில் உரக்கப் படிப்பது நம் மரபு. இதுவரை எழுதியதைப் படித்தவள் வேள்நங்கை. ஓரிடத்திலும் மூச்சு வாங்க நில்லாமல் படித்து முடித்தாள். அவையறிய நாம் அழுதோம்; அதையும் எழுதுக என்று பணித்தோம். நாவாய் பொறித்த நம் முத்திரை அவள் கையால் இடப்பட்டது.