அறை வாசலில் வைக்கும் தட்டு

ஏங்க, ஆஸ்பத்திரியில் எனக்கு இன்று காலை ஷிஃப்ட். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் வருவார். போன தடவை மாதிரி ஜன்னல் வழியாகவே பேசித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். குழாயை ஜன்னலில் மாட்ட முடியாது.

கொரோனா போய் வருஷக்கணக்காகிறது. அப்போது ஒதுங்கிய தனியறையில்தான் நான் இன்னும் படுக்கிறேன். நீங்களும் இன்னும் என் தட்டை அறை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். நேற்று, “இன்னும் எதுக்குங்க இப்படி?” என்று உள்ளேயிருந்து கேட்டேன். “பழகிப்போச்சு” என்றீர்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

இன்று ராத்திரி இரண்டு பேருக்கும் மேஜையில் வையுங்கள்.

பி.கு.: முடியாவிட்டால் பரவாயில்லை, வாசலிலேயே வையுங்கள். ஆனால் தட்டியதும் போய்விடாதீர்கள். நான் கதவைத் திறக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.