வேன் சாவி என்னிடம் இருக்கிறது

என்னங்க,

நீங்கள் குளித்து வருவதற்குள் கிளம்புகிறேன். நேரில் சொன்னால் விடமாட்டீர்கள். சாப்பாடு அடுப்புமேல் மூடியிருக்கிறது. வேன் சாவியைத் தேட வேண்டாம், என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்று வேறு வேன் சொல்லிவிட்டேன்.

நேற்று நீங்கள் வேனைப் பின்னால் எடுத்தபோது நான் கத்தியிருக்காவிட்டால் பின்னால் நின்ற அந்த ரெட்டைச் சடைச் சிறுமி என்ன ஆகியிருப்பாள்? "நான் பாத்துட்டுதாண்டி இருந்தேன், ஊரைக் கூட்டாதே" என்றீர்கள். நீங்கள் பார்க்கவில்லை.

போன வருஷம் என் கண்ணாடிக்குப் போனபோது கண் டாக்டரின் எழுத்து அட்டையைப் பார்த்து எழுதிவந்து உங்களை மனப்பாடம் பண்ண வைத்தேன்.

"கடைசி வரி சொல்லுங்க?"

"நீ வாத்தியாரம்மாவா போயிருக்கணும்டி!"

சிரித்தோம். அதே டாக்டர் உங்கள் கண் சரியென்று எழுதிக் கொடுத்தார், லைசென்சும் புதுப்பித்துக் கிடைத்தது. நேற்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். இன்று உங்களுக்கு வேறு அட்டை மாட்டுவார். பத்து மணிக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு நடந்தே வாருங்கள். வாசலில் நிற்கிறேன், திட்டுவதை அங்கேயே திட்டுங்கள்.

பி.கு: பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். அப்படியும் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்திருந்தால்: பெண்ணே, அவரை ஒன்றும் சொல்லாதே. அட்டையை எழுதிக் கொடுத்தவள் நான்தான். ரோட்டைத் தாண்டும்வரை அவர் கையைப் பிடித்துக்கொள்.