அளவுகோலை வேறொருத்தி பிடிப்பாள்

எனக்கு முன்னால் நடந்து நடந்தே பழகிய என் அண்ணைக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு என்னை "இன்ஸ்பெக்டரம்மா" என்று கூப்பிட ஆளில்லை. வீட்டுக் கொண்டாட்டங்கள் எல்லாம் மரியாதையாக நடக்கின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை.

உங்கள் பேத்தி மீராவின் பிறந்தநாளன்று கேக் தட்டோடு வந்து கேட்டீர்கள்: "எங்கட சனத்தின்ர பிள்ளையளின்ர காயத்தையும் படம் பிடிச்சு பிள்ளையளைப் பறிக்கிற அந்த யூகென்ட்அம்ட்டுக்குக் குடுக்கிறியாம். நாளைக்கு எங்கட மீரா வந்தாலும் இப்பிடித்தானோ?" நான் தேநீர் ஊற்றுகிற சாட்டில் எழும்பிப் போய்விட்டேன். பதில் இப்போதுதான் எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு தமிழ்ப் பிள்ளை, நான் பிள்ளைகளின் காயங்களைப் பதிகிற வேலை பார்க்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஐந்து வயது. தொடைகளின் உட்பக்கத்தில் சுடுநீர்க் காயம். ஆளடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன்.

"தடிமனுக்கு ஆவி பிடிச்சவள். நான் பக்கத்திலதான் இருந்தனான். சட்டி கவிண்டிட்டுது" என்றாள் தாய். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் அதை ஜெர்மனில் சொன்னார். டொக்டருக்குச் சந்தேகம். மேசையில் வைத்து ஆவி பிடித்தால் நெஞ்சிலும் வயிற்றிலும் அல்லவா ஊற்றுப்படும்? தாய் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களும் தமிழ்தானே. சொல்லுங்கோவன்."

எனக்கு விளங்கிவிட்டது, அண்ணை. நிலத்தில் சப்பாணி கட்டி, சட்டியை முன்னால் வைத்து, துவாயால் மூடிக்கொண்டு. நாங்கள் இருவரும் அப்படித்தானே பிடித்தோம்? ஆனால் அதை நான் எடுத்துக் கொடுத்தால் அது என் கதை. பிள்ளைக்கு நடந்தது அதுவேதானா என்று எனக்குத் தெரியாது. "சொல்ல ஏலாது" என்றேன். தாயின் முகம் இறுகிப்போனது.

பிள்ளையிடம் ஒரு பொம்மையையும் வெறும் கிண்ணத்தையும் கொடுத்து, "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டேன். அவள் பொம்மையை நிலத்தில் சப்பாணி கட்டி இருத்தினாள். கிண்ணத்தை அதன் மடிக்கு முன்னால் வைத்தாள். பிறகு தானாகவே சொன்னாள்: "தம்பி துவாயைப் பிடிச்சு இழுத்தவன். அம்மா பல்கனியில உடுப்புக் காயப்போட்டவா."

தாய் அழத் தொடங்கினாள். "தனிய விட்டதெண்டு சொன்னா பிள்ளையளைப் பறிச்சுப்போடுவினம் எண்டு பயந்திட்டன், அக்கா."

தாய் சொன்னது, பிள்ளை சொன்னது, பொம்மை இருந்த விதம், அளவுகோல் வைத்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் பதிந்தேன். அவள் முதலில் சொன்ன பொய்யும் அதில் இருக்கிறது. காயத்தின் வடிவம் பிள்ளையின் கதையோடு பொருந்தியது. பிள்ளை தாயோடு வீட்டுக்குப் போனாள். இப்போது வாரத்துக்கொரு முறை குடும்ப உதவியாளர் ஒருவர் வந்து போகிறார்.

ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் அவர்களைக் கண்டேன். பிள்ளை கையாட்டினாள். தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போனாள்.

"பாத்தியோ? எங்கட சனம் அப்பிடிச் செய்யாது" என்பீர்கள். செய்கிறது, அண்ணை. இன்னொரு பிள்ளையின் இரண்டு பாதங்களிலும் காலுறை போட்டதுபோல ஒரே கோட்டில் நின்ற சுடுநீர்க் காயம். தவறி ஊற்றுப்பட்ட தண்ணீர் அப்படிக் கோடு போடாது; பிடித்து அமிழ்த்தினால்தான் போடும். அந்தத் தாயும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். முதல் தாய்க்கு நான் சாட்சி சொல்லியிருந்தால் இந்தப் பிள்ளைக்கு என் படத்தை யார் நம்புவது?

மீராவைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் வந்தால் நான் தொட மாட்டேன். சொந்தக்காரர் தொடக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. அளவுகோலை வேறொருத்தி பிடிப்பாள். நான் கதவுக்கு வெளியே கதிரையில் இருப்பேன். உங்கள் மகன் வந்து "மாமி, உள்ள போய் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்று கெஞ்சினாலும் எழும்ப மாட்டேன். அவள் வெளியே வரும்வரை அந்த இடத்தை விட்டுப் போகவும் மாட்டேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

இன்னும் கோபமோ?

உங்கள் ஒரே தங்கச்சி,
இன்ஸ்பெக்டரம்மா